பலூன் அடுத்தவர் மேல் உடைய வேண்டும்: மொட்டை மாடி தண்ணீர்ச் சண்டைக்கு ஒரு செய்முறை

தண்ணீர் பலூன் சண்டையில் தோற்க மூன்று வழிகள் உண்டு. பலூன் உங்கள் கையிலேயே உடையும். அல்லது எதிராளியின் முதுகில் பட்டு, பந்து மாதிரி எகிறி, தரையில் உருண்டு போய் ஓரமாக நிற்கும். அவர் அதையே எடுத்து உங்கள் மேல் எறிவார். அல்லது ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் தொட்டி காலியாகிவிடும். எறிபவரின் கைத்திறனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மூன்றும் குழாயடியில் நடந்த தப்பு. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் பலூன் வாங்குவதும் நிரப்புவதும்தான்.

எந்தப் பலூன்

பிறந்த நாளுக்குக் கட்டும் 9, 10 அங்குல பலூன் இதற்கு ஆகாது. அதன் தோல் தடிமன். அது விறைக்க வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் பிடிக்க வேண்டும்: 16 செ.மீ. விட்டத்துக்கு நிரப்பினாலே 2 லிட்டரைத் தாண்டும், அதாவது 2 கிலோ எடை. அதை ஒருவர் மேல் எறிவது விளையாட்டில் சேராது. குறைவாக நிரப்பினால் தொளதொளவென்று இருக்கும், உடையவே உடையாது.

கேட்டு வாங்க வேண்டியது தண்ணீர் பலூன் என்றே விற்கும் சிறிய வகை. ஊதாமல் வைத்தால் சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். தோல் மெல்லியது. பெட்டிக்கடை வாசலில் வெயில் படத் தொங்கிய பாக்கெட்டை வாங்க வேண்டாம். ரப்பர் பால் வெயிலில் கெடும். ஒரு பலூனை எடுத்து மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். வெடிப்பு வெடிப்பாகக் கோடு தெரிந்தாலோ, பலூன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலோ அந்தப் பாக்கெட் பழசு. நல்ல பாக்கெட்டிலும் நூற்றுக்குப் பத்து வீணாகும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

கொத்து கொத்தாக, முடிச்சுப் போடாமலே நிரம்பும் வகையும் இப்போது எங்கும் கிடைக்கிறது. ஒரு தண்டில் முப்பத்தைந்து, முப்பத்தேழு மெல்லிய குழல்கள். ஒவ்வொரு குழல் நுனியிலும் ஒரு பலூன். அதன் கழுத்தில் ஒரு குட்டி ரப்பர் வளையம். நிரம்பிய பலூன் குழலை விட்டுக் கழன்றதும் வளையம் இறுகிக் கழுத்தை அடைத்துவிடும். மூன்று தண்டு சேர்ந்தால் நூறு சொச்சம் பலூன். முடிச்சுப் போட்டு விரல் நுனி எரிந்தவர்களுக்கு இது வரம். ஆனால் வளையத்தில் கசிவு உண்டு, பலூன்களின் அளவும் ஒன்றுபோல் இருக்காது. பெரிய கூட்டத்துக்கு அது, நாலைந்து பேருக்கு முடிச்சுப் போடும் சாதா வகை என்பது எங்கள் கட்சி.

எத்தனை, எவ்வளவு தண்ணீர்

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 2011 ஆகஸ்டில் 8,957 பேர் கூடி 1,75,141 பலூன்களை எறிந்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. நம் மாடிக்கும் அதே அளவு சரிவரும்: ஆளுக்கு 20. பத்துப் பேர் என்றால் 200, வீணாவதற்கு இன்னொரு 20.

இருநூறையும் ஒரே மூச்சில் எடுத்து வீசினால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. நாலு சுற்றாகப் பிரித்து, சுற்றுக்கு ஆளுக்கு 5 என்று எண்ணிக் கொடுங்கள். கையிருப்பு குறைந்தால்தான் ஆள் குறி பார்த்து எறிவார்.

தண்ணீர்க் கணக்கு பலரும் நினைப்பதைவிடச் சிறியது. சரியாக நிரப்பிய ஒரு பலூனில் 180 மில்லி. இருநூறு பலூனுக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு வாளி. பலூன் இல்லாமல் வாளியும் மக்குமாக இறங்கினால் முதல் இரண்டு பேர் நனைவதற்குள் அது தீர்ந்துவிடும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றதைப் பார்த்த வீட்டுப் பெரியவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். இந்த 36 லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை முந்தின நாளிலிருந்து குடத்தில் பிடித்து வைத்தால் அதுவே பாதிக்கு ஆகும். துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் வேண்டாம். கண்ணிலும் வாயிலும் போகும்.

நிரப்புவது

அளவு: 7 செ.மீ. விட்டம். கைக்குப் பழகிய கணக்கில் சொன்னால், டென்னிஸ் பந்து அளவுக்கு நிரப்பியது போதாது, கிரிக்கெட் பந்து அளவு சரி. ஒரு பழைய அட்டையில் 7 செ.மீ. வட்டம் வெட்டிக் குழாய் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சண்டையே வராது. வட்டத்தில் உரசிக்கொண்டு நுழைகிற பலூன் தேறியது. தாராளமாக நுழைந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். நுழையவே மறுத்தால் கொஞ்சம் வெளியே விடுங்கள்.

இந்த அளவில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? பலூன் உடைவது தோல் அதன் எல்லைக்கு மேல் இழுபடும்போது. 6 செ.மீ.க்கு நிரப்பியதில் 113 மில்லிதான் இருக்கும். தோலில் இன்னும் இழுவை மிச்சம் இருப்பதால், மேலே பட்டதும் தட்டையாகி, மறுபடி உருண்டையாகி எகிறிவிடும். 8 செ.மீ. என்றால் 268 மில்லி. தோல் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. கையை வீசுகிற வேகத்துக்கே கிழியும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் விளையாட்டு இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி தோல் தடிமன் மாறும் என்பதால், வாங்கிய பாக்கெட்டில் முதலில் மூன்றை மட்டும் நிரப்பி, இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் கை நழுவ விடுங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு உடைய வேண்டும். மூன்றும் உருண்டால் அட்டை வட்டத்தை அரை செ.மீ. பெரிதாக்குங்கள்.

நிரப்புவதற்கு முன் பலூனை இரண்டு மூன்று முறை இழுத்து விடுங்கள். சும்மா கிடந்த ரப்பர் முதல் வேகத்துக்கு முரண்டு பிடிக்கும், கழுத்திலேயே பிதுங்கும். வாயைக் குழாய் நுனியில் ஒரு செ.மீ. ஏற்றி, இடது கையால் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குழாயை மெதுவாகத் திறக்க வேண்டும். சடாரென்று திறந்தால் பலூன் பறந்துபோய் நீங்கள்தான் முதலில் நனைவீர்கள். குழாய் வாய் பெரிதாக இருந்தால் ஹார்டுவேர் கடையில் பலூன் பாக்கெட்டைக் காட்டி, கூம்பு வாய் உள்ள ஹோஸ் நாசில் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் குழாயில் பிடிப்பது என்பதும் முக்கியம். மாடியில் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயில் வேகம் இருக்காது. தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள உயரம்தான் அழுத்தம். 10 மீட்டர் உயரம் இருந்தால் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும், மாடிக் குழாயில் அரை மீட்டர், ஒரு மீட்டர்தான் தேறும். பலூனின் முதல் விரிவுக்குத்தான் அதிக அழுத்தம் தேவை. அதை மாடிக் குழாய் தராது. தரைத்தளக் குழாயில் நிரப்பி மேலே தூக்கிப் போங்கள். இன்னொரு லாபமும் உண்டு: மே மாதம் மூன்று மணிக்குச் சின்டெக்ஸ் தண்ணீர் காபி போடலாம் போலக் கொதிக்கும். சம்ப், போரிலிருந்து மோட்டாரில் நேராக வரும் குழாயாக இருந்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

கொத்துப் பலூனுக்கு இந்த வேகம் இன்னும் அவசியம். முப்பத்தேழும் ஒரே சமயத்தில் விரிய வேண்டும். வேகம் குறைந்தால் சோம்பேறிப் பலூன்கள் சுருங்கியே இருக்க, முந்திக்கொண்டவை மட்டும் ஊதிப் பெருத்து வெடிக்கும். கொத்தைத் தொங்கவிட்டு நிரப்புவதும் தப்பு. ஓர் அகலமான டப்பிலோ அன்னக்கூடையிலோ பாதி தண்ணீர் வைத்து, பலூன்கள் அதில் மூழ்கியிருக்க நிரப்புங்கள். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் சின்னதாக இருக்கும்போதே கழன்று விழாது. அளவு வந்ததும் குழாயை மூடி, தண்டைத் தூக்கி இரண்டு உதறு உதறினால் பொலபொலவென்று உதிரும். தண்டின் அடியில் மரை இருக்கும். நம் ஊர்க் குழாய்கள் பலவற்றில் மரை இருக்காது. ஒரு பக்கம் மரை, மறு பக்கம் ஹோஸ் மாட்டும் நிப்பிள் ஒன்று இருந்தால் எந்த ஹோஸிலும் சேர்த்துவிடலாம். தண்டை ஹார்டுவேர் கடைக்குக் கையோடு கொண்டு போனால் அளவு பார்த்துத் தருவார்கள்.

குழாயே இல்லாத தோப்பு, மைதானம் என்றால் செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கைத் தெளிப்பான் போதும். முனையைக் கழற்றி, பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, குழலில் பலூனை மாட்டி விசையை அழுத்தினால் நிரம்பிவிடும். ஒரு நிரப்புக்கு எட்டு, ஒன்பது பலூன் தேறும். புதுத் தெளிப்பான்தான் வேண்டும். பூச்சி மருந்து ஒரு முறை அடித்ததைப் பத்து முறை கழுவினாலும் தொடாதீர்கள்.

காற்றும் முடிச்சும்

பலூனுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் எறியும்போது உருண்டு புரண்டு திசை மாறும். முடிச்சுப் போடும் முன் வாயை மேலே தூக்கிப் பிடித்து, வயிற்றை லேசாக அமுக்கினால் தண்ணீர் கழுத்துக்கு ஏறிக் காற்று வெளியேறும்.

கழுத்தில் 3 செ.மீ. விட்டுப் பிடியுங்கள். அதை நன்றாக இழுத்து, ஆட்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றி, இரண்டு விரலையும் கொஞ்சம் விரித்து, நடுவில் கிடைக்கும் சந்தில் வாய் நுனியைத் தள்ளி மறுபக்கம் இழுத்தால் முடிச்சு. ஈரக் கையில் வழுக்கும், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். ஐம்பது முடிச்சுக்கு மேல் விரல் தோல் உரியத் தொடங்கும். விரலுக்குப் பதில் ஒரு பழைய பேனாவின் மேல் கழுத்தைச் சுற்றி, நுனியை அடியில் நுழைத்து உருவினால் வேலை எளிது. சின்னப் பிள்ளைகளால் முடிச்சுப் போட முடியாது, அவர்களிடம் அட்டை வட்டத்தைக் கொடுத்து அளவு பார்க்கும் அதிகாரி ஆக்கிவிடலாம்.

தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பலூன் பக்கம் வரக் கூடாது. எண்ணெய் ரப்பர் பாலைத் தளர்த்தும். நிரப்பி வைத்த பலூன் ஒவ்வொன்றாகத் தானே உடையும்போது காரணம் புரியாமல் கம்பெனியைத் திட்டுவோம்.

நிரப்பியதைத் தண்ணீர் உள்ள டப்பில், நிழலில் மிதக்க விடுங்கள். சும்மா வாளியில் அடுக்கினால் மேலே இருப்பதன் எடையிலும், வாளியின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பிசிறிலும் அடியில் இருப்பது போய்விடும். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிரப்பினால் போதும். முந்தின இரவே நிரப்பி வைத்தால் காலையில் கால்வாசி இருக்காது. குளிர்ச்சிக்காக ஃபிரீசரில் வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுங்கள். உள்ளே உறைந்த பலூன் கல்தான்.

எறிவது

முட்டையை உள்ளங்கையில் வைத்திருப்பது போல, விரல்களை விரித்துக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். விரல் நுனி அழுத்தக் கூடாது, நகம் படவே கூடாது. கையை வெடுக்கென்று உதறாமல், தோளிலிருந்து முழுக் கையையும் சுழற்றி விடுங்கள். முழங்கையை மடக்காத பந்துவீச்சாளரின் கை இதற்குப் பொருத்தம்; வேகம் சீராக ஏறுவதால் பலூன் கையில் கிழியாது. பக்கத்தில் நிற்பவருக்குக் கீழ்க்கை வீச்சே போதும்.

சரியான தூரம் 5 முதல் 8 மீட்டர். அதற்கு அப்பால் குறி நிற்காது. 3 மீட்டருக்குள் எறியவே கூடாது என்று முதலிலேயே விதி போடுங்கள். கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். நம் பலூன் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பக்கத்தில் போய்விட்டால் எறிவதை விட்டுவிட்டு, தலைக்கு மேல் வைத்துப் பிழிந்து உடையுங்கள். நனைவதும் அதிகம், சிரிப்பும் அதிகம்.

மனித உடம்பு மெத்தென்றது. தொளதொள பனியன் இன்னும் மோசம், துணி உள்ளே வாங்கிப் பலூனை அணைத்துக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் ஆளைக் குறி வைப்பதைவிட ஆளுக்குப் பின்னால் இருப்பதைக் குறி வைப்பார்கள். எதிராளி சுவரோரம் நிற்கிறாரா? அவர் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் அடியுங்கள். சுவரில் பட்ட பலூன் கட்டாயம் உடையும், முதுகு முழுக்கச் சாரல். வெட்டவெளியில் நிற்கிறாரா? காலுக்கு ஓரடி முன்னால் சிமென்ட் தரையில் அடித்தால் தண்ணீர் எழும்பி முட்டி வரை நனைக்கும். உடம்பில்தான் பட வேண்டும் என்றால் தோள்பட்டை, முதுகின் மேல்பகுதி. எலும்பு இருக்கும் இடம், உடையும்.

இருவர் சேர்ந்தால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. ஒருவர் உயரமாக, மெதுவாக ஒன்றை வானத்தில் விட வேண்டும். எதிராளி அண்ணாந்து பார்த்து அதைப் பிடிக்கவோ விலகவோ தயாராவார். அந்த நொடியில் மற்றவர் தாழ்வாக ஒன்றை விட வேண்டும். ஒரே ஆள் மேல் ஒரு ஆட்டத்தில் இரண்டு முறைக்கு மேல் பலிக்காது.

துண்டும் ஆயுதம்தான். குற்றாலத் துண்டின் இரண்டு முனைகளை ஒருவரும், மற்ற இரண்டை இன்னொருவரும் பிடித்து, நடுவில் பலூனை வைத்துத் தளர்த்தி விறைத்தால் அது அழகாக எழும்பிப் போகும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் துண்டோடு நின்றால் நல்ல வாலிபால். ஆனால் ரப்பர் பட்டையை மூன்று பேர் இழுத்து விடும் பெரிய கவண் மாதிரிப் பொருள்களை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் பலூன் கண்ணில் பட்டுப் பலத்த காயம் ஏற்பட்டதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பலூன் தீர்ந்த பிறகு

ஸ்பாஞ்ச் குண்டு: பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் மூன்று வாங்கி (பச்சைச் சொரசொரப்பு ஒட்டாத வகை), ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாக வெட்டுங்கள். ஒன்பது பட்டைகளையும் கட்டாக அடுக்கி, நடுவில் நைலான் கயிற்றால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி முடிச்சிட்டு, நுனிகளைப் பிரித்துவிட்டால் பூப்பந்து மாதிரி விரியும். கேபிள் டை வேண்டாம், வெட்டிய முனை கீறும். வாளியில் முக்கி எறியலாம், திரும்ப எடுத்து முக்கலாம், முடிவே இல்லை. பலூன் துண்டு பொறுக்கும் வேலையும் இல்லை. சின்னப் பிள்ளைகள் மட்டும் ஆடுவதென்றால் பலூனே வேண்டாம், இதுவே போதும் என்போம். ஒரே குறை, மண்ணில் விழுந்தால் மணலை வாரிக்கொண்டு வந்து தோலைச் சிராய்க்கும். எனவே அலச ஒரு வாளி, முக்க ஒரு வாளி என்று தனித்தனியாக வையுங்கள். காந்தம் வைத்து மூடிக்கொள்ளும் சிலிக்கான் பந்துகளும் வருகின்றன. காந்தம் கழன்று, குழந்தை இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும் ஆபத்து இருப்பதால் நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

பாட்டில்: ஒரு லிட்டர் பெட் பாட்டிலின் மூடியில் 2 மி.மீ. துளை ஒன்று போதும். ஊக்கைக் குறடால் பிடித்துச் சூடாக்கிக் குத்துங்கள். நாலைந்து துளை போட்டால் பூவாளி ஆகிவிடும், தூரம் போகாது.

பீச்சாங்குழல்: மூங்கிலில் செய்ததைப் பிளம்பிங் பைப்பில் செய்யலாம். 32 மி.மீ. பிவிசி பைப் 45 செ.மீ., அதற்கொரு மூடி, 20 மி.மீ. பைப் 60 செ.மீ., அதற்கு இரண்டு மூடி, கொஞ்சம் பருத்தித் துணி, நூல், பிவிசி பசை. பெரிய மூடியின் நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, பசை தடவி 32 மி.மீ. பைப்பில் ஒட்டி ஒரு ராத்திரி காய விடுங்கள். சிறிய பைப்பின் இரண்டு முனைகளையும் மூடி, ஒரு முனையில் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். உலர்ந்த துணியாக இருக்கும்போது கொஞ்சம் இடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். நனைந்ததும் துணி உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். வாஷர், கிரீஸ் எதுவும் தேவையில்லை. வாளியில் நுனியை முக்கிப் பின்னால் இழுத்தால் கால் லிட்டர் ஏறும். தண்டில் 40 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால் முழுதாக உருவி வராது. தண்ணீர் பின்பக்கமாகப் பீறிட்டால் துணி போதவில்லை. தள்ளவே முடியவில்லை என்றால் துளையில் பிசிறு, அல்லது துணி அதிகம்.

இந்தப் பொருள் நமக்குப் புதிதல்ல. வையையில் புனலாடியவர்கள் வண்ணநீர் அடைத்த வட்டுகளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததையும் சிவிறியால் (அக்காலப் பீச்சாங்குழல்) பீய்ச்சியதையும் பரிபாடல் பாடுகிறது. அதே வைகைக் கரையில் சித்திரைத் திருவிழாவுக்கு ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக் கள்ளழகர் மேல் பீய்ச்சுபவர்களை இன்றும் பார்க்கலாம்.

இனி எறியாமல் நனைக்கும் ஒரு தந்திரம். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மெல்லிய ஊசியால் குத்துங்கள். வாளித் தண்ணீருக்குள் முக்கி, விளிம்பு வரை நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியை இறுக்கி வெளியே எடுத்தால் ஒரு சொட்டு ஒழுகாது. மேலே காற்று நுழைய வழியில்லை. ஊசித் துளையில் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையே தடுப்பாக நிற்கும். கழுத்தைப் பிடித்துத் தூக்கித் திட்டில் வைத்துவிட்டு, தாகத்தோடு வருபவருக்குக் காத்திருங்கள். மூடி திறந்ததும் எல்லாத் துளையும் ஒன்றாகப் பீய்ச்சும். உடம்பை அமுக்கிப் பிடித்தால் முன்கூட்டியே குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், தடித்த பாட்டிலாகத் தேர்ந்தெடுங்கள்.

ஆட்டங்கள்

வெறும் அடிதடி பத்து நிமிடத்தில் சலித்துவிடும். சாட் பூட் த்ரீ போட்டு இரண்டு அணி பிரித்து, நடுவில் சாக்பீஸ் கோடு. உடைந்து நனைந்தால்தான் அவுட். எகிறி விழுந்தால் இல்லை, விழுந்ததை எடுத்தவருக்கே சொந்தம். உடையாமல் கையில் பிடித்துவிட்டால் எறிந்தவர் அவுட். இந்த ஒரு விதியால் ஆட்டமே மாறிவிடும், ஏனென்றால் கண்மண் தெரியாமல் எறிபவர் எதிரிக்கு ஆயுதம் சப்ளை செய்கிறார். ஐந்து வயதுக் குழந்தை அடம் பிடித்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்பாஞ்ச் கொடுத்து.

உறியடியும் நன்றாக எடுபடும். கிருஷ்ண ஜயந்தி உறியடியிலேயே அடிக்க வருபவர் மேல் தண்ணீர் அடித்துத் திணறடிப்பது வழக்கம்தானே. கொடிக்கயிற்றில் அரையடிக்கு ஒன்றாக எட்டுப் பத்து பலூன்களைத் தலைக்கு ஓரடி மேலே கட்டி, கண்ணைக் கட்டி, காகிதத்தைச் சுருட்டிய தடியைக் கையில் கொடுங்கள். மரக்கம்பு வேண்டாம். தடியில் ஒரு குண்டூசியை நுனி மட்டும் தெரியக் குத்தி டேப் போட்டால்தான் தொங்கும் பலூன் உடையும். அப்போது மற்றவர்கள் நாலு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அடிப்பவரும் பெரியவராக இருக்க வேண்டும்.

கசியும் பலூன்: முடிச்சுக்குப் பக்கத்தில், தோல் தடித்த இடத்தில் டேப் ஒட்டி அதன் மேல் ஊசியால் குத்தினால் பலூன் வெடிக்காமல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். வட்டமாக உட்கார்ந்து பாட்டு போட்டுக் கைமாற்ற வேண்டியதுதான்.

யாரை நனைக்கலாம், யாரைக் கூடாது

ஊர்த் திருவிழா முடிவில் மஞ்சள் நீராட்டுக்கு யார் மேல் யார் ஊற்றலாம் என்பதற்கு முறை இருக்கிறது. மாமன், மச்சான், கொழுந்தியா என்று கேலி பேசும் உறவுக்குள்தான். பலூனுக்கும் அப்படியொரு வட்டம் வேண்டும்: ஆடச் சம்மதித்து வந்தவர் மட்டும். வேடிக்கை பார்ப்பவர், கூரியர் கொண்டு வருபவர், கீழே தெருவில் போகிறவர் எல்லாம் வெளியே. தெருவில் எறிவது வெறும் குறும்பு இல்லை. 10 மீட்டர் உயர மாடியிலிருந்து சும்மா விட்டாலே பலூன் கீழே வரும்போது மணிக்கு 50 கி.மீ. வேகம், பைக்கில் வருபவர் மேல் பட்டால் அவர் விழுவார். ஹோலி நாட்களில் மும்பையில் ஓடும் ரயில்கள் மேல் பலூன் எறிந்து பயணிகள் காயப்பட்டது செய்தியாகியிருக்கிறது. கைப்பிடிச் சுவர் நெஞ்சு உயரத்துக்குக் குறைவான மாடியில் ஓடியாடும் ஆட்டமே வேண்டாம், தரைக்கு இறங்கிவிடுங்கள்.

கழுத்துக்கு மேல் எறிந்தால் ஒரு சுற்று வெளியே. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வரும் ரப்பர் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முன்பே கேளுங்கள்.

மாடி என்றால் ஆடும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பாசி பிடித்த மூலைக்குக் குறுக்கே நாற்காலி போடுங்கள். வழவழப்பான வெள்ளை கூலிங் டைல்ஸ் தண்ணீர் பட்டால் சறுக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு அதைவிடச் சறுக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல் வெறுங்காலே மேல். மோட்டார் சுவிட்ச், பிளக், ஏசியின் வெளி யூனிட் இருக்கும் பக்கம் ஆட்ட எல்லைக்குள் வரக் கூடாது. ஈரக் கையோடு மோட்டார் போட யாரும் ஓடக் கூடாது, அந்த வேலையைக் காய்ந்த ஆள் ஒருவரிடம் விடுங்கள். காய வைத்த வடாம், மிளகாய், பக்கத்து வீட்டுப் போர்வை ஆகியவற்றை இறக்கிவிட்டீர்களா? இதில் கோட்டை விட்டால் அடுத்த வருடம் மாடிச் சாவி கிடைக்காது.

பொறுக்குவது

ஆட்டத்துக்கு முன்பே மாடித் தண்ணீர் போகும் குழாய் வாயில் ஒரு பழைய கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் பல வீடுகளில் அந்தக் குழாய் போகிறது. பலூன் தோல் உள்ளே போனால் ஐப்பசியில் அடைத்துக்கொள்ளும். பாக்கெட்டில் மட்கும் என்று போட்டிருந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். கோழி, ஆடு, காகம் விழுங்கும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சடைக்கும். அதனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த வேலையை நாளைக்குத் தள்ளக் கூடாது. ஈரத்தில் துண்டுகள் தரையோடு ஒட்டிக்கொள்ளும், தென்னந்துடைப்பம்தான் கிளப்பும். பத்துத் துண்டு கொண்டு வருபவருக்கு ஒரு முழுப் பலூன், அதை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேல் (அவர் சம்மதத்தோடு) எறியலாம் என்று அறிவித்தால் பொறுக்குவதற்கு அடிதடி நடக்கும்.

கொத்துப் பலூனின் தண்டும் குழல்களும் பிளாஸ்டிக் குப்பையில். ஸ்பாஞ்ச் குண்டுகளைப் பிழிந்து வெயிலில் தொங்கவிடுங்கள், ஈரமாக டப்பாவில் போட்டால் இரண்டு நாளில் நாறும். மிஞ்சிய பலூன்களைச் செடியின் வேரடியில் வைத்து ஊக்கால் குத்திவிட்டு, தோலைக் கையோடு எடுத்துவிடுங்கள்.